எலிக்காரரும் குழாய் ஸ்பீக்கரும்

மைக் செட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. உங்கள் மிக்ஸரில் இருக்கும் பொத்தான்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. வயரை எப்படிச் சுருட்டுவது, குழாய் ஸ்பீக்கரை எந்த மரத்தில் கட்டுவது, ஜெனரேட்டருக்கு எப்போது டீசல் ஊற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் ஒரு தடவை ஷாக் அடித்ததும் தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. நம் தொழிலில் பாதி காத்திருப்பு. தலைவர் வரவில்லை, மாப்பிள்ளை வரவில்லை, கரண்ட் வரவில்லை என்று ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி ஆயுள் போய்விடும். அந்த நேரத்தை நான் யாரோடு கழித்தேன் என்று சொல்கிறேன். எல்லோரும் எழுத்தாளர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அரிசி ஆலையில் உமி அள்ளினேன். லாரியில் கிளீனராகப் போனேன். அதிராம்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். வேளாங்கண்ணித் திருவிழாவில் வந்தவர்களின் பெட்டி தூக்கினேன். எந்த ஊரிலும் என் கால் நிலைக்கவில்லை. இடையில் தஞ்சாவூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் வேலை. அங்கேதான் படுக்கையும். மார்கழிக் குளிருக்குப் பேப்பர் கட்டு மாதிரி மெத்தை கிடையாது. தலைக்குப் புத்தகம். கடைக்காரர் புத்தகம் வந்ததும் அட்டையைக் கிழித்துத் தனியாகப் போட்டுவிடுவார், அட்டைக்கு வேறு வியாபாரி. அட்டையோடு பெயரும் போய்விடும். அதனால் என் எழுத்தாளர்களுக்கு நானே பெயர் வைத்தேன். உப்புக்காரர், பாம்புக்காரர், கிணற்றம்மா, எலிக்காரர்.

கதைப் புத்தகமும் தலைக்கு வந்தது உண்டு. ஆனால் நம் தொழிலுக்கு அது சரிப்படாது. காதலி ஆற்றில் குதிக்கப் போகிற நேரம் பார்த்து "மைக்கு கத்துது, என்னன்னு பாரு!" என்பார்கள். அவளை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓட வேண்டும். திரும்பி வந்தால் எங்கே விட்டோம் என்று தெரியாது. உப்பைப் பற்றிய புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. நாம் போய் வரும்வரை உப்பு அங்கேயே இருக்கும்.

என்னை இந்தத் தொழிலில் சேர்த்துக்கொண்ட ஆபரேட்டர் பேச்சுக் குறைந்தவர். முதல் நாள் மைக்கைக் கையில் கொடுத்து டெஸ்ட் பண்ணச் சொன்னார். "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றேன்.

"அத நிறுத்துடா. இத்தன வருஷமா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. வேற ஏதாவது சொல்லு."

"வேற என்னண்ணே சொல்றது?"

"தலைக்கு வச்சுப் படுக்கிறியே, அதுல என்ன எழுதியிருக்கு? அதச் சொல்லு."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு ஊரிலும் என் மைக் டெஸ்ட் ஏதாவது ஒரு புத்தகத்தின் ஒரு வாக்கியம். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. தெருவின் இந்த முனையில் ஒரு குழாய், அந்த முனையில் ஒரு குழாய். அங்கே போன சத்தம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வரும். வாக்கியம் நீளமாக இருந்தால் அதன் வால் அதன் தலையிலேயே போய்ச் சிக்கிக்கொள்ளும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த எழுத்தாளர் மட்டும்தான் குழாயில் பிழைப்பார். கிணற்றம்மா அப்படி. "ஊரில் கிணறு எங்கே என்று கேட்டேன். எந்தக் கிணறு என்று கேட்டார்கள்." இவ்வளவுதான் எழுதியிருப்பார். இதை நான் ஒரு கோயில் வாசலில் சொன்னபோது, டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கையைத் தூக்கியது தூக்கியபடி நின்றுவிட்டார். டீ பாய்லர் மேல் கொட்டிற்று. அன்றிலிருந்து ஒருவர் நன்றாக எழுதுகிறாரா என்று பார்க்க எனக்கு அந்த டீதான் அளவு.

உப்புக்காரர் வேறு மாதிரி. உப்பளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், பாதிப் புத்தகத்தைத் தன் குதிகால் வெடிப்புக்கே கொடுத்துவிட்டார். உப்பளத்தில் வழுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள் என்பதையும் விடாமல் எழுதியிருக்கிறார். அதிராம்பட்டினம் உப்பளத்துக்குள் நான் செருப்பில்லாமல் இறங்கிய அன்று அவர் எழுதியது ஒவ்வொன்றாக என் காலில் நடந்தது. வலியில் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்தார்கள். தன் அசட்டுத்தனத்தை மறைக்காத ஆள் சொன்னால் மற்றதையும் நம்பலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பாம்புக்காரர் சிரிக்கவே மாட்டார். படிப்பவர்தான் சிரிக்க வேண்டும். அவரால் ஒருமுறை அடி வாங்க இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் குழாய் கட்டிவிட்டு, என்ன நடக்கிறது என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்து டெஸ்ட் பண்ணினேன். சாரைப்பாம்பைப் பற்றிய பக்கம். "இது வீட்டுக்குள் நுழைவதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது அடுப்படி இதன் வசம் போயிருக்கும்." நிமிர்ந்து பார்த்தால் மணப்பெண் வலது காலைத் தூக்கி வாசல்படியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

"யார்றா அவன் மைக்குல? கீழ எறக்குங்கடா!" என்று மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

என் ஆபரேட்டர் ஓடி வந்து என் கையிலிருந்த மைக்கின் ஸ்விட்சை அணைத்தார், நாதஸ்வர கேசட்டைத் தட்டிவிட்டார். என்னைக் காப்பாற்றியது அவர் இல்லை, மணப்பெண். தலை குனிந்து வந்தவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் மாப்பிள்ளை சிரித்தார், பிறகு யாரும் அடிக்க வரவில்லை. பல வருஷம் கழித்து ஒரு காதுகுத்தில் அதே பெண் என்னைத் தேடி வந்தாள். "பாம்பு அண்ணே, சௌக்கியமா? அடுப்படி என் வசம் வந்திருச்சு" என்றாள்.

பக்கத்தைப் பிரிப்பதற்கு முன்னால் வாசலைப் பாருங்கள். இது முதலாவது.

அதே ஆபரேட்டர் சொன்ன இன்னொன்று: "கூட்டத்தோட மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி மரியாதைக்குப் பொய் சொல்லும். காலப் பாரு." எழுந்து போக நினைக்கிறவனின் கால், அவன் எழுவதற்கு முன்பே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். முகம் மேடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும். பெருவிரல் மட்டும் நாற்காலிக்கு அடியில் துழாவும். பத்துப் பேர் துழாவினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

இந்த இரண்டும் கையில் இருந்ததால்தான் கீழ்வேளூர் பக்கத்துக் கிராமத்தில் நான் பிழைத்தேன். நான் பிழைத்தேன் என்று சொல்வதும் சரியில்லை. அன்றைக்குப் பிழைக்க வேண்டியது ஒரு படிப்பகம்.

அந்த ஊரில் பழைய பஞ்சாயத்து ஆபீஸ் கட்டடம் ஒன்று இருந்தது. ஆபீஸ் புதுக் கட்டடத்துக்குப் போனதும் இது சும்மா கிடந்தது. செந்தாமரை என்ற பெண் அதைக் கூட்டிப் பெருக்கி, அங்கே இங்கே கேட்டு வாங்கிய புத்தகங்களை அடுக்கி, படிப்பகமாக ஆக்கியிருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்த ஊர் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். இவள் படித்து நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து படிப்பகத்தைத் திறப்பாள்.

அந்தக் கட்டடத்தின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. கலியமூர்த்தி. சொந்த நிலமும் குத்தகை நிலமுமாகப் பயிர் வைத்தவர். மகன் சிங்கப்பூரில். விவசாயிகள் குழுவின் விதைநெல்லையும் உர மூட்டையையும் அடுக்க இடம் வேண்டும், இந்தக் கட்டடத்துக்கு யாரும் வருவதில்லை என்று மனு கொடுத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. போன மழையில் அவர் வீட்டுக் கொட்டகையில் இருந்த உரம் கரைந்து ஓடியதை ஊரே பார்த்தது. அவருக்கும் நியாயம் இருந்தது.

கட்டடம் பயன்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுத ஓர் அலுவலர் காலையில் வருவதாக ஏற்பாடு. அவர் கண்ணில் ஆள் தெரிய வேண்டும் என்று செந்தாமரை ஒரு கூட்டம் போட்டாள். வாசலில் பந்தல், நாற்காலி, சுண்டல், டீ, நான். அறுவடை முடிந்த நேரம். கொள்முதல் நிலையத்தில் ஊர் நெல் முழுக்க அம்பாரமாகத் திறந்த வெளியில் கிடக்கிறது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மேகத்தில் வைத்திருந்தார்கள்.

சுண்டல் தீர்ந்தது. அலுவலர் வரவில்லை. செந்தாமரை போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, வாய்க்கால் ரோட்டுல நெல் லாரி ஒண்ணு சேத்துல எறங்கிருச்சாம். பின்னால எல்லாம் வரிசையா நிக்குதாம். அவரு ஜீப்பும் அங்கதான்."

"எப்ப கெளம்புமாம்?"

"அத அந்த லாரிகிட்டதான் கேக்கணும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அண்ணே, அவரு வர்றப்ப நாற்காலி காலியா இருந்துச்சுன்னா, யாரும் வர்றதில்லன்னு எழுதிட்டுப் போயிருவாரு. அப்புறம் நாளைக்கே மூட்டை வந்து எறங்கிரும். நாலு பாட்டு போடுங்களேன்."

"பாட்டு வேணாம்மா."

ஏன் வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாட்டு ஓடினால் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று தோன்றும், போனவர்கள் வர மாட்டார்கள். மைக்கில் மனிதக் குரல் கேட்டால்தான் ஏதோ நடக்கிறது என்று உட்காருவார்கள். "நீ பேசு" என்றேன். பாவம், பேசினாள். அறிவு, ஒளி, எதிர்காலம் என்றெல்லாம் சொன்னாள். வகுப்பில் நன்றாகப் பேசுகிறவள்தான், அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தேன். பெருவிரல்கள் கிளம்பியிருந்தன.

முன்வரிசையில் கலியமூர்த்தி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்ன ரேடியோ, அவ்ளோதானா? நாங்க போயி நெல்லு மேல படுதாவ இழுத்து மூடுறோம்" என்றார். அவருக்கு நான் ரேடியோ.

படிப்பக வாசல் மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். அவசரத்தில் செய்த தப்பு. வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லும் வகை. இந்த வகையில் எழுதுகிற எல்லோரையும் சேர்த்து நான் வெற்றிக்காரர் என்பேன். மைக்கில் படித்தேன். "நீங்கள் உயர வேண்டுமா? நாளை முதல் சூரியன் உதிக்கும் முன் எழுந்திருங்கள்."

பின்வரிசையிலிருந்து பாக்கியம் அக்கா கேட்டது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் திரட்டிக்கொண்டு போகிறவர், வாய்க்கு அந்தப் பக்கத்தில் பேர் போனவர். "நாங்க எந்திரிச்சு நெல்லு தூத்திட்டுல்ல வந்திருக்கோம்! அவரு எந்திரிச்சாரான்னு கேளு!"

பந்தல் சிரித்தது. சிரித்துக்கொண்டே நாலைந்து பேர் எழுந்தார்கள். வெற்றிக்காரரைக் கீழே போட்டேன். என் பையிலிருந்து எலிக்காரரை எடுத்தேன்.

எலிக்காரர் என் உயிர். ஏன் என்று கேட்டால், அவர் எதையும் மேலே நின்று சொல்வதில்லை. நம்மோடு சேறு மிதித்து வந்து, "இங்கே பாருங்களேன்" என்கிற மாதிரி எழுதுவார். நாம் மறுத்துப் பேசவும் இடம் விடுவார்.

"எலியைப் பற்றி எழுதுவது என்று நான் முடிவு செய்த அன்றே ஓர் எலி என் செருப்பைக் கடித்துவிட்டது. ஆகவே இந்த அத்தியாயத்தில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்."

எழுந்த நாலைந்து பேரும் நின்றார்கள். உட்காரவில்லை, போகவும் இல்லை.

"வயல் எலியின் வளைக்கு வாசல் ஒன்று, தப்பும் வழிகள் பல. அந்த வழிகளை அது திறந்து வைப்பதில்லை. மேலே கொஞ்சம் மண்ணை விட்டு வைக்கும். ஆபத்து வந்தால் தலையால் ஒரு முட்டு. வாசலில் கிட்டிப் பொறி வைத்துக் காத்திருப்பவர், வேறு வழியாகப் போன எலிக்குக் காவல் இருக்கிறார்."

"கரெக்ட்டு!" என்றார் ஒருவர். "கரெக்ட்டு இல்ல," என்றார் கலியமூர்த்தி, சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து. "கிட்டிய ஏன் வாசல்ல வைக்கிறான்? எலி நடக்கிற தடத்துல வைக்கணும். எழுதுன ஆளு வயல் பாத்ததில்ல."

"பாக்காமயா செருப்பக் கடிச்சுது?" என்றது பாக்கியம் அக்கா.

சரி, பிடித்துவிட்டது என்று தெரிந்தது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் காலைப் பார்த்தேன், எல்லாம் அடங்கியிருந்தன. எலிக்காரர் ஒன்று சொல்வார், ஊர் ஒன்று சொல்லும். ஊரில் இல்லாத மனிதரோடு ஊரே சண்டை போட்டது. குழாய்கள் வாய்க்கால் ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்ததால் எலி அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.

"வளையின் அடியில் ஓர் அறை. அதில் நெற்கதிர்கள், எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து. என் வீட்டு அலமாரி இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. இந்த நெல் யாருடையது? வயலுக்குச் சொந்தக்காரருடையதா, வளையை வெட்டி எடுப்பவருடையதா, அடுக்கி வைத்த எலியுடையதா?"

நிறுத்தினேன். நிறுத்தத்தான் வேண்டியிருந்தது, இரைச்சல் அப்படி.

"இதுல என்ன கேள்வி? வயலு யாருதோ நெல்லும் அவங்களுது," என்றார் கலியமூர்த்தி.

"அப்ப எலியும் ஒங்களுதுதானே?" பாக்கியம் அக்கா எழுந்தேவிட்டார். "என் கோழிக்குஞ்சு நாலத் தூக்கிட்டுப் போச்சே, அதுக்குப் பதில் சொல்லுங்க!"

"வளை வரப்புல இருந்தா?" என்றார் இன்னொருவர். "ரெண்டு பங்காளிக்கும் நடு வரப்பு. அப்ப யாருது?" இப்படிக் கேட்டதும் பந்தலின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருந்த இரண்டு பங்காளிகள் ஒரே நேரத்தில் எழுந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஊர் கைதட்டியது.

"வெட்டுனவளுக்குத்தான்," என்றது பாக்கியம் அக்கா, சிரிப்பு அடங்கியதும். "குனிஞ்சு வெட்டிப் பாருங்க, தெரியும்."

எனக்கும் தெரியும். அறுப்பு முடிந்த வயலில் என் அம்மா வளை வெட்டியிருக்கிறாள். அந்த நெல்லை வறுத்துக் குத்திக் கஞ்சி வைப்பாள். எலி வாடை அடிக்கும். இரண்டாவது வாய்க்கு மேல் தெரியாது.

"ரேடியோ, இவங்க கெடக்காங்க. எழுதுனவரு என்ன சொல்றாரு? அதப் படி," என்றார் கலியமூர்த்தி.

இங்கேதான் எனக்கு வியர்த்தது. என் புத்தகத்தில் அந்தப் பதில் இல்லை. பழைய பேப்பர் கடையிலிருந்து வந்தபோதே அடுத்த தாள் கிழிந்து போயிருந்தது. அதற்கப்புறம் நேராக வெளவால். இத்தனை வருஷமும் எலிக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று நானே விதவிதமாக யோசித்துக்கொண்டதுதான். ஒரு பதிலை அவர் பெயரில் எடுத்துவிட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்? கூட்டமும் நிற்கும். ஆனால் கடித்த செருப்பைக்கூட மறைக்காத மனிதர் அவர். அவர் வாயில் நான் எதையாவது திணித்தால், அதற்குப் பிறகு அவரை எப்படிப் பிரித்துப் படிப்பேன்?

"அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சுங்க," என்றேன் மைக்கில். "அடுத்தது வெளவால்தான் இருக்கு."

"வெளவாலா?" என்றார் கலியமூர்த்தி. "ஏய்யா, இவ்ளோ நேரம் கூட்டியாந்து நட்டாத்துல விடுறியே!"

பெருவிரல்கள் மறுபடி கிளம்பின. அப்போது செந்தாமரை பாய்ந்து வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். சற்று முன் ஒட்டிக்கொண்ட நாக்கு இப்போது வேறு ஆளுடையது.

"யாரும் போகாதீங்க! அந்தப் புத்தகம் முழுசா நம்மகிட்ட இருக்கு. செருப்பக் கடிச்ச எலி. நான் படிச்சிருக்கேன்."

"எங்க இருக்கு?"

"உள்ளதான். எந்த அலமாரின்னுதான் ஞாபகம் இல்ல. வந்து தேடுங்க!"

உண்மையிலேயே ஞாபகம் இல்லையா என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை.

பந்தல் கலைந்தது என்று சொல்வதா, கட்டடம் நிறைந்தது என்று சொல்வதா? அத்தனை பேரும் உள்ளே போனார்கள். முன்னால் போனவர் கலியமூர்த்தி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எலியைத் தேடப் போனவர்கள் வழியில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் தென்னை நோயைப் பிரித்து நின்ற இடத்திலேயே நின்றார். பங்காளிகள் இருவரும் நில அளவை பற்றிய ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். பாக்கியம் அக்கா ஒரு கப்பல் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டு, தள்ளுகிறவர்களை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாய்க்கால் ரோட்டுப் பக்கமிருந்து ஒருவர் வேகமாக நடந்து வந்தார். பேன்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது, காலெல்லாம் சேறு, ஷூ கையில். காலி நாற்காலிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நிறுத்திட்டீங்களே! நெல்லு யாருக்குன்னு சொன்னாரு?"

லாரிக்காரர் என்று நினைத்தேன். "உள்ள தேடிக்கிட்டு இருக்காங்க. நீங்களும் போயி ஒரு அலமாரியப் புடிங்க" என்றேன். ஷூவை என் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். நுழைவதற்கே கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கண்டுபிடித்தவர் கலியமூர்த்தி. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "மைக்கக் கொண்டா. நாந்தான் படிப்பேன்" என்றார். வயரை இழுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"வளையை வெட்டிய அம்மாளிடமே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கதிர்களை முந்தானையில் அள்ளிக்கொண்டார். கிளம்பும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் திரும்பவும் அந்த அறையில் வைத்து, மண்ணைத் தள்ளி மூடினார். எதற்கு என்றேன். அடுக்கி வைத்ததற்குக் கூலி என்றார். இந்தக் கேள்வியை நான் இத்தோடு விட்டுவிடுகிறேன்."

கலியமூர்த்தி அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். வெளவால். திரும்ப வந்து அந்தக் கடைசி வரியையே மனசுக்குள் இன்னொரு தடவை படித்தார்.

"நாங்க ஒரு நெல்லு மணிகூட விட்டதில்லப்பா," என்றது பாக்கியம் அக்கா, மெதுவாக. என் அம்மாவும் விட்டதில்லை. விடுகிற அளவுக்கு எங்களிடம் இருந்ததில்லை.

சேற்றுக்கால் மனிதர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வந்து நின்றார். செந்தாமரை அவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்தாள். அப்போதுதான் அவர் யார் என்று எனக்குப் புரிந்தது. அவருடைய ஷூ என் ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்ததும் ஞாபகம் வந்தது.

"இந்தக் கட்டடத்துக்கு யாருமே வர்றதில்லன்னு ஒரு மனு வந்திருக்கு," என்றார் அவர், முதுகில் யாரோ இடிக்க இடிக்க. "யாருங்க குடுத்தது?"

கலியமூர்த்தி ஒரு கையில் புத்தகத்தோடும் ஒரு கையில் மைக்கோடும் நின்றுகொண்டிருந்தார். எதை மறைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாந்தாங்க," என்றார். ஊர் முழுக்கக் கேட்டது. வாய்க்கால் ரோட்டிலிருந்து லாரிகள் ஹாரன் அடித்தன.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு மைக்கை அணைக்கத் தோன்றும். எனக்கும் ஸ்விட்ச் பக்கம் கை போயிற்று. கையை எடுத்துவிட்டேன். எடுத்தது நல்லதாயிற்று.

ஊர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அலுவலர், "படிப்பகம் இருக்கட்டும். ஆனா இவருக்கும் மூட்டை வைக்க எடம் வேணுமேம்மா?" என்றார்.

"பின்பக்கத் தாழ்வாரம் சும்மாதான் கெடக்கு," என்றாள் செந்தாமரை. "ஓடு மட்டும் மாத்திக்குங்க சார். விதையையும் உரத்தையும் அங்க அடுக்கிக்கலாம்."

கலியமூர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மைக் இன்னும் அவர் வாய்க்கு நேராகவே இருந்தது.

"நெல்லு வச்சா எலி வருமே, நீ அடுக்குன புத்தகத்தையும் கடிக்குமே. பரவால்லியா?"

"வரட்டும்," என்றாள். "ஒரு புடி விட்டுருவோம்."

அதுவும் வாய்க்கால் ரோடு வரை போயிற்று.